காதர் பாயின் முப்பது வினாடி

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கேம்ப் ரோட்டில் முழங்கால் வரை தண்ணீர். சரி, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டேன். இன்று காலை ஆபீஸ் திறந்து, வீடியோ விளம்பரம் போடும் தளத்துக்குள் போனால், 'புதிய வசதிகள்' என்று திரை முழுக்க அறிவிப்பு. மூன்று வருடத்துக்கு முன்பே கீழே டீக்கடையில் நின்று நான் சொன்னது அத்தனையும் அதில் இருக்கிறது. டீ மாஸ்டர் சாட்சி. அவர் இப்போது சொந்த ஊருக்குப் போய்விட்டார், அதற்கு நான் என்ன செய்ய.

வந்திருப்பவை:

1. ஒரே ஆளுக்கு ஒரே விளம்பரம் திரும்பத் திரும்பப் போகாது. போதும் என்று மெஷினே நிறுத்திவிடும்.
2. முப்பது வினாடிப் படத்தை மெஷினே ஆறு வினாடியாக வெட்டிக் கொடுக்கும்.
3. படத்தில் இருக்கிற ஆளை, அவர் பேசாததைப் பேச வைக்கலாம். அதே முகம், அதே குரல்.

எட்டாவதோடு நான் நிறுத்திக்கொண்டதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.

அடியில் நீலப் பொத்தான். 'அனைத்தையும் ஏற்கிறேன்.' அழுத்தினேன். என் யோசனைதானே, எதற்குத் தயக்கம்.

கவிதா பத்தரைக்குக் குடையோடு வந்தாள். கடைகளுக்கு விளம்பரம் போட்டுக்கொடுக்கும் இந்த ஆபீஸே நாங்கள் இரண்டு பேர்தான். நான் மூளை, அவள் கம்ப்யூட்டர். (அவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.) ஏற்றுக்கொண்டேன் என்றேன். "படிச்சீங்களா சார்?" என்றாள். பார்த்தேன் என்றேன். "பாக்குறது வேற சார்."

குடையை என் நாற்காலி மேல் விரித்துக் காயப்போட்டுவிட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. கொசு.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, லேப்டாப் சார்ஜருக்கு டேப், மாத்திரை.

மெஷின் வெட்டிய ஆறு வினாடிகளைக் கவிதா ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். பாத்திரக் கடை, பரவாயில்லை. டியூஷன் சென்டர், டீச்சர் வாயைத் திறக்கும்போதே முடிந்துவிடுகிறது. பிறகு காதர் பாய்.

பாய் போய் நாலு மாதம் ஆகப்போகிறது. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மெத்தைக் கடை. இந்தத் தொழிலில் எனக்கு முதல் வாடிக்கையாளர். முப்பது வினாடிப் படம், கடையிலேயே எடுத்தது. வெள்ளைச் சட்டை, தொப்பி. மெத்தையில் உட்கார்ந்து லேசாகத் தொண்டையைச் செருமுவார். பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவார். "வாங்க, ஒரு நிமிஷம் உக்காந்து பாருங்க. வாங்கணும்னு இல்ல." பிறகு சிரிப்பு. அந்த வசனம் நான் எழுதிக் கொடுத்தது.

மெஷின் செருமலை எடுத்துவிட்டது. "வாங்கணும்னு இல்ல" என்பதையும் எடுத்துவிட்டது. மிச்சம், தட்டும் கையும் "வாங்க, உக்காந்து பாருங்க"வும்.

கவிதா: "அந்த ஒரு வார்த்த போயிடுச்சுன்னா இதுவும் மத்த கடை விளம்பரம் மாதிரிதான் சார்."

ஆறு வினாடி வேண்டாம், பழையதே ஓடட்டும் என்றேன். ஓட வேண்டும் என்பது பாயின் விருப்பம். மௌத்தாவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, இதே ஆபீசுக்கு வந்தார். அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வரவழைத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நான் இல்லன்னாலும் இந்த வீடியோ ஓடணும்." மறுநாள் சுபுஹு தொழுகை நேரத்தில் உயிர் போய்விட்டது. மூன்றாம் நாள் பாத்தியா ஓதிய வீட்டில், வீடியோவை நிறுத்திவிடலாமா என்று மகன் நிஜாம் கேட்டபோது இதைச் சொன்னேன். அதனால்தான் இன்றுவரை ஓடுகிறது.

இதைக் கவிதாவிடம் மறுபடி சொன்னேன். அவள் பிரிண்டரில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே நிறைய பேப்பர் இருந்தது.

நவம்பர் 8, சனி

மேகமூட்டம். கால் வலி.

நிஜாம் வந்தான். தாடி விட்டிருக்கிறான், அப்பாவின் ஜாடை கூடிவிட்டது. அவன் சொன்னது: அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "அத்தா ஏன் வரல, அந்த மாமாவ கேளு" என்று நாலு நாளாக ஒரே பேச்சு. அவனுக்கு முதலில் புரியவில்லை. பயந்துவிட்டானாம். பிறகுதான் விளம்பரத்தில் வரும் அப்பாவைச் சொல்கிறார் என்று தெரிந்ததாம்.

நாலு நாள். கவிதா என்னைப் பார்க்காமலே சொன்னாள், "ஒரே ஆளுக்கு நிறைய தடவ போவாது. செவ்வாய்க்கெழம ஆன் ஆயிடுச்சு." யார் ஆன் செய்தார்கள் என்று சொல்லவில்லை. நல்ல பெண்.

நிஜாமோடு வண்டியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி ஜமீலா இத்தாவில், கணவருக்காகத் துக்கம் காக்கும் நாட்களில், இருக்கிறார். நாலு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டார், வெளி ஆண்கள் முன்னாலும் வரமாட்டார். இந்த மாதக் கடைசியில் முடிகிறது. கூடத்தில் எனக்கு நாற்காலி. உள்ரூம் வாசலில் பச்சைத் திரை. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்.

"மத்தியானம் சோறு வடிக்கிற நேரத்துக்கு வருவாங்க அண்ணே. சமையல் வீடியோ போட்டா அதுக்கு முன்னாடி வந்து உக்காருவாங்க. தள்ளிவிடுன்னு ஒரு பட்டன் வரும். நான் தள்ளிவிட்டதே இல்ல."

படத்தை அப்படியே போனுக்கு அனுப்பச் சொல்கிறேன், வேண்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அது இருக்கு. நிஜாம் எப்பவோ அனுப்பிட்டான். ஒரு தடவகூடத் தொறக்கல. நானா போட்டுப் பாக்குறது வேற அண்ணே. அவுங்களா வர்றது வேற."

அமெரிக்காவில் இருக்கிற தலைமை ஆபீசிலேயே எனக்கு ஆள் தெரியும், இரண்டு நாளில் வரவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அமெரிக்க ஆள் கவிதாதான். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் இந்த ஒரு படத்துக்கு மட்டும் அந்தத் தடையை எடுத்தாள். ஜமீலாவுக்கு எப்போது மறுபடி வர ஆரம்பிக்கும் என்று கேட்டேன். "அது மெஷின் இஷ்டம்."

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். ஆச்சரியம்.

நிஜாம் போன் செய்தான், ஒன்றரை மணி. அத்தா வந்துவிட்டார். அம்மா கையில் கரண்டியோடு நின்றாராம். முப்பது வினாடியும் அசையவில்லையாம். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தாராம்.

போனை வைத்ததும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியவில்லை. தூசி கண்ணில்.

சாயங்காலம் நிஜாம் நன்றி சொல்ல நேரில் வந்தான், சமோசாவோடு. அவன் கவலை வேறு. கடை இருக்கிற கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். அடுத்த மாதம் கடை சந்திப்புக்கு எதிர்ப்பக்கம் போகிறது. வருகிறவர்கள் எல்லாம் அத்தா முகத்தைப் பார்த்து வருகிறவர்கள். பழைய இடத்தில் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டால்?

நான் வாயை மூடிக்கொண்டு சமோசா தின்றிருக்கலாம். "கவலையே வேணாம் தம்பி. உங்க அத்தாவையே பேச வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வசதி. கடை மாறியது என்று அவரே சொல்வார்.

நிஜாம் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு கேட்டான், "அத்தாவுக்கு இது சம்மதமா இருக்குமா மாமா?"

அவர் அன்று என்னிடம் சொன்னதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் என்றேன். கண் கலங்கியிருந்தது என்றேன். நிஜாம் தலையை ஆட்டினான். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

கவிதா சமோசாவைத் தொடவே இல்லை.

நவம்பர் 13, வியாழன்

மழை, விட்டு விட்டு. கரண்ட் இரண்டு தடவை போச்சு.

மெஷின் மாதிரிப் படம் செய்து கொடுத்துவிட்டது. கவிதா வசனத்தை அடித்தாள், பொத்தானை அழுத்தினாள், நான் டீ குடித்து முடிப்பதற்குள் தயார்.

அதே வெள்ளைச் சட்டை. அதே தொப்பி. "நமது கடை சந்திப்பின் எதிர்ப்புறம் புதிய இடத்திற்கு மாற்றப்பட்டுள்ளது. தங்களை அன்புடன் வரவேற்கிறோம்."

குரல் அவருடையதுதான். அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பாய் ஜென்மத்தில் 'தங்களை' என்று யாரையும் சொன்னதில்லை. செருமல் இல்லை. கை மெத்தையைத் தட்டுகிறது, வாய் வேறு எதையோ சொல்கிறது. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் தூக்கத்தில் பேசுகிற மாதிரி.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவை பழகிவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

கவிதா: "இன்னும் நாலு தடவ பாத்தீங்கன்னா இதுதான் சார் ஞாபகம் இருக்கும்."

பேச்சு வழக்கில் மாற்றி அடி என்றேன். "வாங்க, இப்ப எதுத்தாப்புல இருக்கோம்." மறுபடி வந்தது. இன்னும் மோசம். ஏனென்றால் இன்னும் நன்றாக இருந்தது.

நவம்பர் 15, சனி

வானம் இருட்டு, ஆனால் பெய்யவில்லை.

நிஜாம் ஆபீசில். மாதிரியை ஒரு தடவை பார்த்தான். "அத்தாதான்" என்றான். உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு, போட்டுவிடலாம் என்றான்.

வெளியிடுவதற்கு முன்னால் தளம் ஒரு கட்டம் காட்டுகிறது: 'படத்தில் இருப்பவர் இந்தப் பேச்சுக்குச் சம்மதித்திருக்கிறார்.' அதில் டிக் போட்டால்தான் அடுத்த பக்கம் போகும்.

கவிதா லேப்டாப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே போடுங்க சார். உங்ககிட்டதானே சொன்னாரு."

ஒன்றும் காட்டமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பாயின் கடைசிப் பேச்சு விஷயத்தில் நாலு மாதமாக அவள் பேசியது இந்த ஒரு வரி.

கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி சட்டைப் பையில் தெரிந்துகொண்டிருந்தது. மவுஸ் சரியில்லை என்றேன். நிஜாம் அசைத்துக் காட்டினான், நன்றாகவே வேலை செய்தது.

"போடுங்க மாமா."

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். நேற்றே சொல்லிவிட்டானாம். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அந்த அண்ணன கூட்டிட்டு வா, ஒரு வார்த்த கேக்கணும்" என்றாராம்.

திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். நாளை ஞாயிறு, நல்ல நாள்தான், ஆனால் எனக்கு சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு பெரிய தொழிற்சாலை முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்படி முதலாளி யாரும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு நிஜமாகவே போனேன். சொன்னது பொய்யாகக் கூடாது என்று. தாம்பரத்தில் ரயில் ஏறி, இறங்கி, மலைக்கோயிலைச் சுற்றி வந்தேன். நரசிம்மர் முன்னால் நின்றபோது எதையும் கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை. கும்பிட்டேன், வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி சரோஜாவிடம், வீடியோவில் இறந்தவரைப் பேச வைக்கும் விஷயம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "அந்த மனுஷன் வாயில நீங்க பேசினது போதாதுன்னு இப்ப மெஷின் வேறயா" என்றாள்.

இவளுக்கு எப்படித் தெரியும். தெரியாது. இவள் எப்போதும் எதையாவது சொல்வாள்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

தூறல். ரெயின்கோட் போட்டுக்கொண்டு போனேன்.

அதே நாற்காலி, அதே பச்சைத் திரை. நிஜாம் சுவர் ஓரமாக நின்றான். திரைக்கு அடியில் பாத்திரம் துலக்கிய ஈரக்கால் தடம் மட்டும் தெரிந்தது.

ஜமீலாம்மா சுற்றி வளைக்கவில்லை.

"அந்தப் புதுக் கடைய அவுங்க பாத்ததே இல்ல அண்ணே. பாக்காத எடத்துக்கு எப்படி வாங்கன்னு கூப்புடுவாங்க? ஆனா நீங்க அவுங்களே சொன்னாங்கன்னு சொல்றீங்க. அதனால கேக்குறேன். அன்னிக்கி அவுங்க என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க. எதுவும் சேக்காம."

எதுவும் சேர்க்காமல். என்னை இவ்வளவு காலம் தெரிந்தவர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சேர்ப்பேன் என்று தெரிந்துதான் எல்லோரும் கேட்பார்கள், சிரிப்பார்கள்.

முகம் தெரிந்திருந்தால் ஒருவேளை இன்னொரு கதை சொல்லியிருப்பேன். முகத்தைப் பார்த்து, எதை நம்புகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். திரையில் ஒன்றும் தெரியவில்லை.

சொல்லிவிட்டேன்.

நிஜாம் சத்தம் போடவில்லை. "நாலு மாசமா மாமா" என்றான். அவ்வளவுதான். வெளியே போய் வாசலில் நின்றுகொண்டான், மழையில்.

எனக்கு ஒரு பயம்தான். பாய் சொல்லவில்லை என்று ஆனபிறகு, நிஜாம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவான். நிறுத்தினால் மத்தியானம் சோறு வடிக்கிற நேரத்துக்கு அவர் வரமாட்டார். அதுவும் என்னால் போனதாக ஆகும். ஒரு வாரம் ஏற்கெனவே என் விரலால் போனது. அதையும் சொன்னேன்.

திரைக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. பிறகு:

"உக்காந்து பாருங்க, வாங்கணும்னு இல்லன்னு சொல்றது அவுங்கதானே?"

"அவர்தாம்மா."

"அவுங்களா சொன்னதா?"

அந்த வசனம் என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். "அவராச் சொன்னதும்மா" என்றேன்.

"அது போதும். இத்தா முடியிற வரைக்கும் அது வரட்டும். அப்புறம் நிறுத்திடுங்க. புதுக் கடைக்கு நிஜாம் கூப்புடட்டும். அவன் பாத்த எடம்."

பிறகு நிஜாமைக் கூப்பிட்டு, மழையில் நிற்காதே, மாமாவுக்கு டீ கொடு என்றார். அவன் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான், என் முகத்தைப் பார்க்காமல். ஆறுவதற்குள் முழுதும் குடித்தேன்.

ஆபீஸ் வந்து கவிதாவிடம், அந்தக் கட்டத்தில் டிக் வேண்டாம், மாதிரிப் படத்தை அழித்துவிடு என்றேன். அழித்தாள். 'நிச்சயமா?' என்று தளம் கேட்டது. ஆமாம் என்று அவளே அழுத்தினாள். பிறகு எழுந்து போய் நீல நாற்காலியைத் துணியால் துடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது. அன்று அவள்தானே இருந்தாள்.

திரைக்கு முன்னால் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாய் வந்தது நிஜம். நான் கீழே டீக்கடையில் நாலு பேரை நிற்க வைத்து என் பெருமை எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். பாய் படி ஏறுமுன் என்னைப் பார்த்துக் கை காட்டினார். முடித்துவிட்டு வருகிறேன் என்று நானும் கை காட்டினேன். கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, முடிக்க மனம் வரவில்லை. மேலே போனபோது நாற்காலி காலி. சார் இன்னும் வரலையா, சரி, அப்புறம் வரேன் என்று கவிதாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எதற்கு வந்தார் என்று தெரியாது.

பாத்தியாவில் ஆளுக்கு ஒரு கடைசிப் பேச்சு சொன்னார்கள். அவர் என்னோடு சாப்பிட்டார், தனக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி என்னிடம் துஆ கேட்டார் என்று. என் முறை வந்தது. என்னிடம் ஒன்றும் இல்லை.

நீல நாற்காலி நிஜம். அவர் தண்ணீர் குடித்தது நிஜம், கவிதா கொடுத்தாள். வீடியோ ஓடணும் என்றது, கையைப் பிடித்தது, கண் கலங்கியது, பாதி டீ, எதுவும் கிடையாது. நான் அங்கே இல்லை.